கடைசியாகப் பேசியது யார்? பழைய கம்ப்யூட்டரில் டாஸ் பூட் ஆகாதபோது பார்க்க வேண்டியவை

பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஆன் ஆகி, திரையில் ஒரு வரி வந்து, அதற்கு மேல் நகரவில்லை என்றால் சேலம் பக்கம் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "டாஸ் போயிருச்சுங்க, ஃபார்மட் அடிச்சுப் புதுசாப் போட்டுடலாம்." இந்தப் பதிலை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். டாஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய காலத்து ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதன் உயிர் இரண்டு மூன்று கோப்புகள், அவ்வளவுதான். அவை தானாகப் போவது அபூர்வம். அதற்கு முந்தைய ஏதோ ஒரு படியில் வேலை நின்றிருக்கும், எந்தப் படியில் என்பதைத் திரையில் கடைசியாக நிற்கும் வரியே சொல்லிவிடும். அந்த வரியைப் படிக்காமல் ஃபார்மட் அடித்தால், நல்லபடியாக இருந்த பல வருடக் கணக்கும் சேர்ந்து போய்விடும்.

இன்றைக்கும் டாஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் லாரிகளை எடை போடும் எடைமேடை, ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் என்ற தொழிலாளர் வருகை, கூலிக் கணக்கு, பட்டறையில் நிற்கும், கம்ப்யூட்டர் ஓட்டும் பழைய சிஎன்சி லேத், இப்படி ஒரே ஒரு வேலைக்காக வாங்கிய புரோகிராம் இன்னும் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. எழுதியவர் ஊரை விட்டுப் போயிருப்பார், சோர்ஸ் கோடு இருக்காது, பின்னால் பூட்டிய கருவி சீரியல் போர்ட்டில் மட்டும்தான் பேசும். புரோகிராமில் ஒரு குறையும் இல்லாதபோது அதை மாற்றச் சொல்வது நியாயமில்லை, அது நிற்கும் பெட்டியைப் பிழைக்க வைப்பதே நம் வேலை.

சரி, பூட், அதாவது கம்ப்யூட்டர் எழுந்து வருவது, எப்படி நடக்கிறது? மின்சாரம் வந்ததும் மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரல் தன் சோதனைகளை முடித்து, முதல் டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட்டை, நினைவகத்தில் 7சி00 என்ற முகவரியில் ஏற்றும். அந்த 512-இல் கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்று இருந்தால்தான் பெரும்பாலான பயாஸ் அதைப் பூட் செக்டராக மதிக்கும். ஹார்ட் டிஸ்க்கில் அந்த முதல் செக்டரின் பெயர் மாஸ்டர் பூட் ரெக்கார்டு, எம்பிஆர். அதற்குள் ஒரு சின்ன நிரலும், 446-ஆவது பைட்டிலிருந்து நான்கு பார்ட்டிஷனுக்கான, அதாவது டிஸ்க்கின் பிரிவுகளுக்கான, அட்டவணையும் இருக்கும். அந்த நிரல் அட்டவணையைப் பார்த்து, ஆக்டிவ் என்று குறித்த பார்ட்டிஷனின் முதல் செக்டரை ஏற்றும். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸ் என்றால் அது ஐஓ.சிஸ் கோப்பைத் தேடி ஏற்றும், இலவச டாஸான ஃப்ரீடாஸ் என்றால் கெர்னல்.சிஸ். அது கான்ஃபிக்.சிஸ் என்ற அமைப்புக் கோப்பைப் படித்து டிரைவர்களை ஏற்றி, நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கும் கமாண்ட்.காமை அழைக்கும், அது தொடக்கக் கட்டளைகள் உள்ள ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பை ஓட்டும். அப்புறம்தான் நமக்குத் தெரிந்த சி: வரும். ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டது என்று போன் வந்தால், எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்றுதான் முதலில் கேட்பார்கள், 20 வளைவுக்கும் எண் பலகை இருக்கிறது. டாஸ் பூட்டிலும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு படியும் தனக்கென்று ஒரு பிழைச் செய்தி வைத்திருக்கிறது. "நோ ரோம் பேசிக், சிஸ்டம் ஹால்ட்டட்" என்று வந்தால் எம்பிஆர் நிரல் ஓடியிருக்கிறது, ஆனால் எந்தப் பார்ட்டிஷனும் ஆக்டிவ் என்று குறிக்கப்படவில்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் ரோமிலேயே, அதாவது அழியாத நினைவகச் சிப்பிலேயே, பேசிக் என்ற நிரல் மொழி இருந்தது, பூட் செய்ய ஒன்றும் கிடைக்காவிட்டால் அதற்குள் போய்விடும். நம் ஊரில் அசெம்பிள் செய்த பெட்டிகளில் அந்த ரோம் கிடையாது, அதனால்தான் இந்தப் புலம்பல். டிஸ்க்கைப் பிரிக்கும் டாஸ் கருவியான எஃப்டிஸ்க்கில் போய் ஆக்டிவ் என்று குறித்தால் தீர்ந்தது, ஒரு பைட் வேலை. "இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்" என்றால் அட்டவணையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்டிவ் குறியோ, அர்த்தமில்லாத குறியோ இருக்கிறது. "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்பதுதான் ஆட்களை அதிகம் பயமுறுத்தும் வரி, ஆனால் அதன் பொருள் மிகக் குறுகியது: பார்ட்டிஷனின் முதல் செக்டர் என்று எதை ஏற்றினோமோ அதன் கடைசியில் 55 ஏஏ இல்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கிறதா என்று அது தேடவே இல்லை, அந்த இரண்டு பைட்டை மட்டும் பார்த்தது. இதற்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் ஃபார்மட் அடித்துக் கணக்கை இழக்கும் சம்பவங்கள் நிறைய இந்த வரியில்தான் தொடங்குகின்றன.

"நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்" என்று வந்தால் இன்னும் ஒரு படி முன்னேறியிருக்கிறோம், பார்ட்டிஷனின் பூட் செக்டர் ஓடி, ஐஓ.சிஸ் கிடைக்காமல் நிற்கிறது. முதலில் ஃப்ளாப்பி டிரைவில் ஏதாவது டிஸ்க் மறந்து கிடக்கிறதா என்று பாருங்கள், பாதி நேரம் அதுதான். இல்லையென்றால் பூட் செக்டரையும் டாஸ் கோப்புகளையும் உரிய இடத்தில் எழுதும் எஸ்ஒய்எஸ் கட்டளை தேவை. ஐஓ.சிஸ் கோப்பை வெறுமனே காப்பி செய்தால் போதாது, எம்எஸ்-டாஸின் பூட் செக்டர் அந்தக் கோப்பு ரூட் டைரக்டரியின் முதல் இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. ஃப்ரீடாஸுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, கெர்னல்.சிஸ் ரூட்டில் எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். "ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்" என்ற வரி வந்துவிட்டால் டிஸ்க், பார்ட்டிஷன், பூட் செக்டர் மூன்றும் நிரபராதிகள், இனிமேல் குற்றவாளி கான்ஃபிக்.சிஸிலோ கமாண்ட்.காமிலோதான் இருக்க முடியும்.

ஒன்றுமே சொல்லாமல், இடது மூலையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்பது தனி வகை. இது இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணம் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு. ஐடிஇ என்ற அகலப் பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, அதற்குப் பதிலாக ஒரு சின்ன அடாப்டரில் கேமரா கார்டைச் செருகி ஹார்ட் டிஸ்க்காகப் பயன்படுத்துவது நல்ல வழி, சத்தம் இல்லை, சூடு இல்லை, அதிர்வுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கேமராவிலிருந்து வந்த கார்டில் முதல் செக்டரில் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கும், கடைசியில் 55 ஏஏ இருக்கும், நிரல் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. எம்எஸ்-டாஸின் எஃப்டிஸ்க் 55 ஏஏ இருப்பதைப் பார்த்து, எம்பிஆர் ஏற்கெனவே இருக்கிறது என்று நம்பி நிரலை எழுதாமல் விட்டுவிடும். பார்ட்டிஷன் பிரித்தாயிற்று, ஃபார்மட் ஆயிற்று, எஸ்ஒய்எஸ் ஆயிற்று, எல்லாம் சரி, ஆனால் பயாஸ் காலி இடத்துக்குள் குதித்து அங்கேயே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி சொல்லக்கூட ஆள் இல்லை. எஃப்டிஸ்க் /எம்பிஆர் என்று ஒரு முறை அடித்தால் நிரல் எழுதப்படும், அட்டவணை அப்படியே இருக்கும். ஒரே எச்சரிக்கை, அந்த டிஸ்க்கில் வேறு பூட் மேனேஜர் போட்டு வைத்திருந்தால் அது அழிந்துபோகும்.

இப்போது அந்த மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம். டிஸ்க்கில் ஒரு செக்டரைக் கேட்க டாஸ் காலத்தில் மூன்று எண் சொல்ல வேண்டும்: சிலிண்டர் (தட்டில் எந்த வளையம்), ஹெட் (தட்டின் எந்தப் பக்கம்), செக்டர் (அந்த வளையத்தில் எத்தனையாவது துண்டு). பயாஸின் பழைய அழைப்பில் சிலிண்டருக்கு 1024 வரைதான் இடம், ஐடிஇ டிஸ்க்கின் பக்கம் ஹெட்டுக்கு 16 வரைதான் இடம். இரண்டையும் சேர்த்து வைத்தால் 1024 பெருக்கல் 16 பெருக்கல் 63 செக்டர், அதாவது 528 மில்லியன் பைட்டுக்கு மேல் எட்டாது. அதைத் தாண்ட பயாஸ்கள் ஒரு தந்திரம் செய்தன, சிலிண்டரைக் குறைத்து ஹெட்டை 255 வரை கூட்டிச் சொல்லும், உள்ளுக்குள் கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ளும். செட்டப்பில், அதாவது பயாஸின் அமைப்புத் திரையில், நார்மல், லார்ஜ், எல்பிஏ என்று மூன்று தேர்வு பார்த்திருப்பீர்களே, அவை இந்தக் கணக்கின் மூன்று விதங்கள். டிஸ்க் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு விதத்திலும் அதே மூன்று எண் வேறு வேறு இடத்தைக் காட்டும்.

இது எப்போது வெடிக்கும் என்றால், மதர்போர்டு பேட்டரி இறக்கும்போது. ஏற்காடு 1500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, மழைக்காலத்தில் நாள்கணக்கில் மூடுபனி, தோட்ட அலுவலகப் பெட்டிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும், மின்வெட்டும் உண்டு. பேட்டரி போனதும் செட்டப்பில் சேமித்தது எல்லாம் அழிந்து பயாஸ் தன் இயல்பு நிலைக்குத் திரும்பும். முன்பு யாரோ நார்மல் என்று வைத்து டாஸ் நிறுவியிருப்பார், இப்போது பயாஸ் ஆட்டோ என்று எல்பிஏ எடுத்துக்கொள்ளும். முதல் செக்டர் எந்தக் கணக்கிலும் முதல் செக்டர்தான், அதனால் எம்பிஆர் சரியாக ஓடுகிறது. பார்ட்டிஷன் அதே முதல் சிலிண்டரில் ஹெட் 1, செக்டர் 1-இல் தொடங்கினால் அதுவும் பெரும்பாலும் தப்பிவிடும், அதற்கு அப்புறம் உள்ள கோப்புகளில் குழம்பி நிற்கும். வேறு இடத்தில் தொடங்கினால் எம்பிஆர் தவறான செக்டரை ஏற்றி, 55 ஏஏ இல்லையே என்று மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்லும். இரண்டிலும் டிஸ்க்கில் ஒரு பைட் கூடக் கெடவில்லை. செட்டப்பில் பழைய விதத்துக்கு மாற்றினால் அதே கணக்கு, அதே செக்ரோல் அப்படியே எழுந்து வரும். இந்த நேரத்தில் ஃபார்மட் அடிப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. கடிகாரம் பழைய வருடத்துக்குப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், போயிருந்தால் சந்தேகம் பேட்டரி மீதுதான். சிஆர்2032 என்றால் மாற்றுவது எளிது. 386, 486 காலத்துப் போர்டில் பற்றவைத்த உருளை நிக்கல் காட்மியம் பேட்டரி என்றால் அது கசிந்து பக்கத்திலுள்ள செப்புத் தடங்களை அரித்திருக்கும், முதலில் அதைக் கழற்றி எறிய வேண்டும், பிறகுதான் மற்றது.

இதே காரணத்துக்காகத்தான் டிஸ்க்கை எந்தப் பெட்டியில் ஓட்டப்போகிறோமோ அந்தப் பெட்டியிலேயே பிரித்து ஃபார்மட் செய்ய வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். ஐந்து ரோட்டில் ஒரு கடையில் வேறு மதர்போர்டில் கார்டைத் தயார் செய்து, அங்கே அழகாகப் பூட் ஆவதைப் பார்த்துவிட்டு, மலை மேலே கொண்டு போய் வேறு பெட்டியில் செருகினால் பூட் ஆகாமல் போகலாம். பூட் செக்டருக்குள்ளேயே ஒரு டிராக்குக்கு எத்தனை செக்டர், எத்தனை ஹெட், பார்ட்டிஷனுக்கு முன்னால் எத்தனை செக்டர் என்று ஃபார்மட் செய்த நேரத்துக் கணக்கு எழுதப்பட்டிருக்கும், புதிய பயாஸின் கணக்கு வேறாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது.

எதையும் தொடுவதற்கு முன்னால் டிஸ்க்கின் பிரதி எடுங்கள். ஐடிஇ-யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் ஒரு கோப்பாக இழுத்து வைத்தால், அதற்கு அப்புறம் என்ன சோதனை வேண்டுமானாலும் பயமில்லாமல் செய்யலாம். டாஸ் காலத்து டிஸ்க்கின் கொள்ளளவு இன்றைய பென் டிரைவில் ஒரு மூலைக்குக் காணாது, இடம் இல்லை என்று சொல்ல முடியாது. கடகட என்று சத்தம் வரும் டிஸ்க்கை மறுபடி மறுபடி பூட் செய்து பார்ப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

பூட் செய்ய எதை எடுப்பது? பழைய ஃப்ளாப்பிகளை நம்பாதீர்கள், அதுவும் மலைப்பகுதியில் வைத்திருந்ததை. ஈரத்தில் ஃப்ளாப்பியின் காந்தப் பரப்பில் பூஞ்சை பிடிக்கும், ஷட்டரைத் தள்ளிப் பார்த்தால் வெண்மையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். அப்படி ஒன்றைச் செருகினால் அது படிக்காததோடு நிற்காது, டிரைவின் ஹெட்டில் அழுக்கு ஒட்டி அடுத்துப் போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஹெட்டைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிள் தலைகீழாக மாட்டியிருக்கிறது. ஃப்ளாப்பி தவிர வேறு வழியே இல்லாத 386, 486 பெட்டிகளுக்கு கோடெக் (Gotek) என்ற ஃப்ளாப்பி எமுலேட்டர் நல்ல மருந்து, ஃப்ளாப்பி டிரைவ் இடத்தில் உட்கார்ந்து பென் டிரைவில் உள்ள இமேஜ் கோப்பை ஃப்ளாப்பியாகக் காட்டும்.

எந்த டாஸ் என்ற கேள்வி இங்கே வரும். எம்எஸ்-டாஸ் 6.22 என்பது 1994-இல் வந்த கடைசித் தனிப் பதிப்பு, உரிமம் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்ட் சோர்ஸ் கோடைத் திறந்துவிட்டது 1.25, 2.0, 2024-இல் 4.00 ஆகியவற்றுக்குத்தான், 6.22 அதில் இல்லை. ஜிம் ஹால் என்பவர் அதே 1994-இல் அறிவித்துத் தொடங்கிய ஃப்ரீடாஸ் இலவசம், திறந்த மூலம், இன்றும் வளர்கிறது, 1.4 பதிப்பு 2025-இல் வந்தது. 6.22-க்கு, செக்டரை ஒரே வரிசை எண்ணால் நேராகக் கேட்கும் எல்பிஏ முறை தெரியாது, பெரிய பார்ட்டிஷனுக்கான ஃபேட்32 கோப்பு முறை தெரியாது, ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போகாது, டிஸ்க்கில் 8.4 ஜிபிக்கு மேல் கண்ணுக்கே தெரியாது. ஃப்ரீடாஸுக்கு இரண்டும் தெரியும். என் தேர்வு ஃப்ரீடாஸ்தான், ஆனால் புரோகிராம் அதில் ஓடுகிறதா என்று பிரதியில் சோதித்த பிறகு. 6.22 தான் வேண்டும் என்றால் 2 ஜிபி கார்டு ஒன்றைத் தேடிப் போடுங்கள், பாதித் தலைவலி வராது. 1999-க்கு முந்தைய சில பயாஸ்கள் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைக் கண்டால் சோதனையிலேயே உறைந்துவிடும், அது டாஸின் குற்றமே அல்ல.

ஓரளவு புதிய பெட்டிகளில் எல்லோரும் யூஎஸ்பி பென் டிரைவுக்குப் போகிறார்கள், சிக்கலும் அங்கேதான் அதிகம். ரூஃபஸ் என்ற விண்டோஸ் கருவியில் ஃப்ரீடாஸ் என்று தேர்ந்தெடுத்தால் பூட் ஆகும் பென் டிரைவ் கிடைக்கும், ஆனால் அதில் கெர்னலும் கமாண்ட்.காமும் இன்னும் சில சில்லறைக் கோப்புகளும்தான், எஃப்டிஸ்க்கும் ஃபார்மட்டும் இருக்காது. நிறுவுவதற்கு ஃப்ரீடாஸ் திட்டம் தரும் யூஎஸ்பி இமேஜையே பென் டிரைவில் அப்படியே எழுத வேண்டும். அடுத்தது, கவனமாகப் படியுங்கள்: பென் டிரைவிலிருந்து பூட் செய்யும்போது பயாஸ் அதைத்தான் முதல் ஹார்ட் டிஸ்க் என்று டாஸிடம் காட்டும். ஆகவே பென் டிரைவ்தான் சி:, உள்ளே இருக்கும் டிஸ்க் டி: ஆகும். எஃப்டிஸ்க்கில் டிஸ்க் 1 என்பதும் பென் டிரைவ்தான். பழக்கதோஷத்தில் சி: ஃபார்மட் அடித்தால் நிற்கும் கிளையையே வெட்டியாயிற்று. உள் டிஸ்க்கில் இன்னும் டாஸுக்குத் தெரிந்த பார்ட்டிஷன் இல்லாவிட்டால் டி: என்ற எழுத்தே வராது, டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எஃப்டிஸ்க்கில் பிரித்த பிறகு ரீபூட் செய்தே ஆக வேண்டும், டாஸ் பார்ட்டிஷன் அட்டவணையைப் பூட் நேரத்தில் ஒரு முறைதான் படிக்கும். பென் டிரைவைப் பிடுங்கியதும் டி: மறுபடி சி: ஆகும், கையால் எழுதிய கான்ஃபிக்.சிஸில் கமாண்ட்.காமின் பாதை டி: என்று இருந்தால் அப்போது "பேட் ஆர் மிஸ்ஸிங் கமாண்ட் இன்டர்ப்ரெட்டர்" வரும். கோப்பு அங்கேயேதான் இருக்கிறது, எழுத்துதான் மாறிவிட்டது. குழப்பத்தைத் தவிர்க்க ஒரே வழி, அளவைப் பார்த்து டிஸ்க்கை அடையாளம் காண்பது.

சிடியிலிருந்து நிறுவுபவர்களுக்கு வேறு ஒரு சுவர். சிடி பூட் ஆகும், பாதியில் சிடி டிரைவைக் காணோம் என்று நிற்கும். பூட் செய்த வரை படித்தது பயாஸ், அதற்கு அப்புறம் டாஸின் சொந்த சிடி டிரைவர் வேலை செய்ய வேண்டும், அந்த டிரைவர்கள் பெரும்பாலும் ஐடிஇ மட்டுமே அறிந்தவை. செட்டப்பில் சாட்டா முறையை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாற்றிப் பாருங்கள்.

புத்தம் புதிய மடிக்கணினியில் டாஸ் நிறுவ முடியுமா என்று கேட்பவர்களுக்கு நேர் பதில்: பெரும்பாலும் முடியாது. டாஸ் திரைக்கும், விசைப்பலகைக்கும், டிஸ்க்குக்கும் பயாஸின் சேவைகளையே அழைக்கிறது. புதிய கம்ப்யூட்டர்களில் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐயில் அந்தச் சேவைகள் கிடையாது, சிஎஸ்எம் என்ற பழைய முறைப் பகுதி இருந்தால்தான் கிடைக்கும். 2020-க்குள் அதை நீக்கிவிடப் போவதாக இன்டெல் 2017-லேயே சொல்லிவிட்டது. செட்டப்பில் சிஎஸ்எம் அல்லது லெகஸி என்ற சொல் இருந்தால் செக்யூர் பூட்டை அணைத்து அதை இயக்குங்கள், டிஸ்க்கும் ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறையில் அல்லாமல் எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சொல்லே இல்லையென்றால் வேறு பெட்டி பாருங்கள். புதிய மடிக்கணினியில் எமுலேட்டரில், அதாவது பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருளில், ஓட்டலாம், ஆனால் எடைமேடைக்கு அது ஒத்துவரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இனி, பூட் ஆகி நடுவில் உறைவது. எம்எஸ்-டாஸ் 6-இல் ஸ்டார்ட்டிங் வரி வரும்போது எஃப்5 அழுத்தினால் கான்ஃபிக்.சிஸையும் ஆட்டோஎக்ஸெக்கையும் தாண்டி நேராகப் போகும், எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு ஓடும். ஃப்ரீடாஸிலும் இந்த விசைகள் உண்டு, அதோடு பூட் மெனுவில் டிரைவர் எதுவும் இல்லாமல் போகும் வழியும் இருக்கிறது. எஃப்5-இல் பூட் ஆகி இயல்பாகப் போனால் உறைகிறது என்றால் எஃப்8 வைத்து எந்த வரியில் நிற்கிறது என்று பிடித்துவிடலாம். பெரும்பாலும் அது இஎம்எம்386 அல்லது ஜெம்எக்ஸ் என்ற நினைவக டிரைவர், நினைவகத்தின் மேல்பகுதியில் காலியாக இருக்கிறது என்று நினைத்து எடுத்துக்கொண்ட இடம் நெட்வொர்க் கார்டின் ரோமோ யூஎஸ்பி ஆதரவோ உட்கார்ந்திருக்கும் இடமாக இருக்கும். எக்ஸ்= என்று போட்டு அந்தப் பகுதியை விலக்கச் சொல்லலாம், புரோகிராமுக்கு அந்த நினைவகம் தேவையில்லை என்றால் அந்த வரியையே எடுத்துவிடலாம். ஹைமெம் என்ற இன்னொரு நினைவக டிரைவர் "ஏ20 லைனைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று சொன்னால் செட்டப்பில் கேட் ஏ20 தேர்வை ஃபாஸ்ட் என்று மாற்றிப் பாருங்கள். செட்டப்பில் வேலை செய்த யூஎஸ்பி கீபோர்டு டாஸில் செத்துவிட்டால் லெகஸி யூஎஸ்பி ஆதரவை இயக்க வேண்டும், முடிந்தால் உருண்டை முனை பிஎஸ்/2 கீபோர்டே போடுங்கள்.

டாஸ் நன்றாக இருக்கிறது, புரோகிராம்தான் திறந்தவுடன் விழுகிறது என்றால் செய்தியைப் பாருங்கள். டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய பல "ரன்டைம் எரர் 200" என்று சொல்லும், கிளிப்பர் மொழியில் எழுதிய சில "ஆர்6003" என்று சொல்லும், இரண்டும் பூஜ்யத்தால் வகுத்ததாகப் புகார் சொல்கின்றன. யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. டர்போ பாஸ்கலின் கதை இது: புரோகிராம் தொடங்கும்போது 55 மில்லிசெகண்டில் ஒரு வெற்றுச் சுழல் எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும், பிறகு நேரம் கடத்த அந்த எண்ணைப் பயன்படுத்தும். 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய பென்டியம் 2 வந்தபோதே விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் போயிற்று, பிராசஸர் அதையும் வகுத்தல் பிழையாகவே அறிவிக்கிறது. பழைய பெட்டி செத்து வேகமான பெட்டிக்கு மாறிய அன்றுதான் இது முளைக்கும். இதற்கென்றே திருத்தும் சின்னக் கருவிகள் இருக்கின்றன, அவற்றையும் பிரதியில்தான் ஓட்ட வேண்டும்.

மாற்றுப் பெட்டி தேடும்போது எடைமேடைக்காரர்கள் வேகத்தையும் நினைவகத்தையும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியது அதன் முதுகில் என்ன இருக்கிறது என்று. எடை காட்டும் கருவி ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்பு வழியே பேசும், புரோகிராம் டாஸைக்கூடக் கேட்காமல் நேராக 3எஃப்8 என்ற முகவரியில் சீரியல் சிப்பிடம் போகும். யூஎஸ்பி-சீரியல் கேபிள் மாட்டினாலும் அந்தப் புரோகிராமின் கண்ணுக்கு அது இல்லவே இல்லை. பிசிஐ சீரியல் கார்டும் வேறு முகவரியில் உட்காரும், முகவரியைக் கையால் கொடுக்க முடியாத புரோகிராமுக்கு அது தெரியாது. மதர்போர்டிலேயே சீரியல் போர்ட், குறைந்தது போர்டில் அதற்கான பின் வரிசை, இருக்கிற பெட்டியாகப் பாருங்கள். ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸுக்கும் இதே கதை, 378 முகவரியில் பேரலல் போர்ட் வேண்டும், யூஎஸ்பி பிரிண்டர் ஆகாது. எல்லாம் ஓடியதும், எடைமேடையில் எடை தெரிந்த ஒரு பொருளை ஏற்றி, திரையில் அதே எண் வருகிறதா, ரசீதில் தேதி சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கின் முழுப் பிரதியை மறுபடியும் எடுங்கள். செட்டப்பில் டிஸ்க் எந்த விதத்தில் இருக்கிறது, சிலிண்டர், ஹெட், செக்டர் எத்தனை என்பதை ஒரு தாளில் எழுதி கேபினட் மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள், அடுத்த முறை பேட்டரி இறக்கும்போது பெட்டியைத் திறப்பவர் வேறு ஆளாக இருக்கலாம்.